லேன்ல எந்த மெஷின்ல யார் லாகின்ல இருக்காங்கன்னு ஒரே இடத்துல இருந்து பார்க்க முடியுமா?

இரவுப்பணி:

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் 43 விண்டோஸ் கணினிகள், ஒரு டொமைன் கன்ட்ரோலர் (எல்லார் லாகினையும் சரிபார்க்கும் சர்வர்), மூன்று லினக்ஸ் சர்வர்கள். பார்த்துக்கொள்வது நான் ஒருவன்தான். மாதம் ஒருமுறை அப்டேட் போட்டு ராத்திரியில் ரீஸ்டார்ட் கொடுப்பேன்.

போன மாதம் ஒரு சுற்று நடந்து பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை, எல்லாத் திரையும் லாகின் பக்கத்தில் நின்றது. டபிள்யூஎம்ஐ (விண்டோஸ் மெஷினிடம் தூரத்திலிருந்து தகவல் கேட்கும் வசதி) மூலம் யூசர் பெயரையும் கேட்டேன், எல்லாம் காலி. 10 நிமிட அவகாசம் வைத்து ஷட்டவுன் கட்டளையால் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் என் மேஜை பக்கத்தில் வந்து நின்றார். மதியம் முழுக்க உட்கார்ந்து பில்லோடு ஒத்துப் பார்த்த எக்செல் ஷீட்டை சேவ் செய்யாமலே, 'ஸ்விட்ச் யூசர்' கொடுத்து இன்னொருவருக்கு சீட்டை விட்டிருக்கிறார். அந்த இன்னொருவர் தன் வேலை முடிந்ததும் லாக் ஆஃப் செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அம்மா திட்டவில்லை. "மறுபடி முதல்ல இருந்து பண்ணணுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் யூசர் கணக்குப் பட்டியல்) கடைசி லாகின் நேரம் பார்த்தேன். தினமும் வருகிறவருக்குக்கூட போன வாரத் தேதி காட்டுகிறது. சரியான வழி என்ன?

கேபிள்கட்டு:

மைக்ரோசாஃப்டோட சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில், யார் லாகின்ல இருக்காங்கன்னு காட்டுற பிஎஸ்லாக்டுஆன் இருக்கு, அதைப் போட்டுப் பாருங்க. எதிர் மெஷினில் ரிமோட் ரெஜிஸ்ட்ரி சர்வீஸ் (விண்டோஸ் அமைப்புப் பதிவை தூரத்துல இருந்து படிக்க விடுறது) ஓடணும். ஷேர் வழியா வந்தவங்க பட்டியலில் உங்க பெயரும் வரும், கேட்கப் போனதே நீங்கதானே.

பழையசர்வர்:

தம்பி, 'லாகின்ல இருக்கார்' என்பது ஒரே விஷயம் இல்லை. கீபோர்டு முன்னால உட்கார்ந்திருக்கலாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்திருக்கலாம். ஒரு ஷேர் ஃபோல்டரை மட்டும் திறந்து வெச்சிருக்கலாம். செஷனை அப்படியே விட்டுட்டு எழுந்து போயிருக்கலாம். உங்களைச் சுட்டது இந்தக் கடைசி வகை. டபிள்யூஎம்ஐ-யில கம்ப்யூட்டர் சிஸ்டத்தோட யூசர் பெயரைக் கேட்டா, அது கன்சோல்ல, அதாவது மெஷினோட சொந்தத் திரையில இருக்கிறவரை மட்டும்தான் சொல்லும். திரை லாகின் பக்கத்துல இருந்தா காலிதான் வரும். உள்ளே அந்த அம்மாவோட எக்செல் திறந்தே கிடந்திருக்கும்.

டைரக்டரியையும் நம்பாதீங்க. அதுல கடைசி லாகின் நேரம் காட்டுற 'லாஸ்ட் லாகான் டைம்ஸ்டாம்ப்' ஒவ்வொரு லாகினுக்கும் மாறாது, இயல்பான அமைப்புல 14 நாள் வரை பின்தங்கும். ரொம்ப நாளா யாரும் தொடாத கணக்கைக் கண்டுபிடிக்க வெச்சது அது.

உங்களுக்கு வேண்டியது குவெரி யூசர்ங்கிற விண்டோஸ் கட்டளை. 'ஸ்லாஷ் சர்வர்' போட்டு கணினிப் பெயரைக் கொடுங்க. யூசர், செஷன், நிலை, ஐடில் நேரம் (கை படாம இருந்த நேரம்), லாகின் நேரம் எல்லாம் வரும். நிலைங்கிற இடத்துல 'டிஸ்க்'னு (டிஸ்கனெக்டட் என்பதோட சுருக்கம்) இருந்தா செஷன் உயிரோட இருக்கு, ஆள் இல்லை. ஐடில் 4:37 என்றா 4 மணி 37 நிமிஷம். 1+03:20 என்றா ஒரு நாளும் 3 மணி 20 நிமிஷமும்.

ஸ்கிரிப்ட் எழுதும்போது ஒண்ணு கவனிங்க. டிஸ்க் நிலையில செஷன் பெயர் காலியா இருக்கும். இடைவெளியை வெச்சு வரியைப் பிரிச்சா அந்த வரியில மட்டும் எல்லாம் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்துடும். நான் பல நாள் ஐடில் நேரத்தை நிலைன்னு நினைச்சுப் படிச்சிட்டிருந்தேன்.

பிழை 5 வந்தா உங்களுக்கு அந்த மெஷின்ல அனுமதி இல்லை. 1722 வந்தா அந்த மெஷினைத் தொடர்புகொள்ள முடியலை, ஃபயர்வாலைப் பாருங்க. அது சரியா இருந்தா, ரெஜிஸ்ட்ரியில் டெர்மினல் சர்வர் கீ-க்குள்ள 'அலவ் ரிமோட் ஆர்பிசி' (தூரத்துல இருந்து கேட்க அனுமதி) மதிப்பை 1 ஆக்குங்க. குரூப் பாலிசியில (டொமைன்ல இருந்து எல்லா மெஷினுக்கும் அமைப்பு அனுப்புற வசதி) ஒரே தடவையில் தள்ளிடலாம். ஃபயர்வாலை உங்க மெஷின் ஐபி-க்கு மட்டும் திறங்க, எல்லாருக்கும் வேண்டாம்.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். ஷட்டவுன் கட்டளைக்கு 0-க்கு மேல அவகாசம் கொடுத்தாலே, திறந்திருக்கிற புரோகிராம்களை வலுக்கட்டாயமா மூடுறதும் கூடவே சேர்ந்துடும். நீங்க 10 நிமிஷம் கொடுத்தது நல்லெண்ணத்துலதான். ஆனா அந்த எச்சரிக்கையைப் பார்க்க அங்க ஆள் இல்லை, எக்செல் "சேவ் பண்ணவா"ன்னு கேட்டு நிற்கவும் வழியில்லை.

கருப்புத்திரை:

லினக்ஸ் மூணுக்கும் எஸ்எஸ்எச்-ல (தூரத்துல இருந்து கட்டளை அடிக்கிற வழி) உள்ளே போய் 'ஹூ' அல்லது 'டபிள்யூ' அடிச்சாப் போதும். ஆனா டிமக்ஸ், ஸ்கிரீன் (ஆள் போன பிறகும் வேலையை ஓடவிடுற புரோகிராம்கள்) உள்ளே வேலையை ஓடவிட்டு டிடாச் பண்ணிட்டுப் போனவங்க அதுல தெரியாமப் போகலாம். 'பிஎஸ்' போட்டு யார் பெயர்ல என்ன ஓடுதுன்னு பாருங்க. பழைய ஆட்கள் யாராவது 'ஆர்ஹூ' நிறுவச் சொன்னா வேண்டாம். 513 யுடிபி போர்ட்டில் யார் உள்ளே இருக்காங்கன்னு நெட்வொர்க் முழுக்க அறிவிச்சிட்டே இருக்கும்.

இரவுப்பணி:

பழையசர்வர் ஐயா, அந்த ஷட்டவுன் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி. ஒரு சந்தேகம்: பதிலே வராத மெஷினை 'யாரும் இல்லை' என்று ஸ்கிரிப்ட்டில் எழுதலாமா?

பழையசர்வர்:

கூடவே கூடாது. 'யூசர் இல்லை', 'பதில் இல்லை' ரெண்டையும் தனித்தனி பட்டியலா வைங்க. பதில் வராததுக்கு ரீஸ்டார்ட் போகவே கூடாது, நேர்ல போய்ப் பாருங்க. அப்புறம், இப்படிப் பார்க்கப் போறீங்கன்னு எல்லாருக்கும் முன்கூட்டியே ஒரு மெயில் போடுங்க. யார் எத்தனை மணிக்கு எழுந்து போனாங்கன்னு கணக்கெடுக்கத்தான் இதுன்னு யாரும் நினைச்சிடக் கூடாது.

இரவுப்பணி:

மெயில் போட்டுவிட்டேன். நேற்று இரவு ஓட்டினேன். 43-ல் 38 காலி, மூன்று பதில் இல்லை, இரண்டில் டிஸ்க். பதில் வராத மூன்றில் இரண்டு அணைந்தே கிடந்தன. ஒன்றில் ஃபயர்வால் பாலிசி போய்ச் சேரவில்லை, உள்ளே யாரும் இல்லை.

டிஸ்க் இரண்டில் ஒன்று அதே கணக்குப் பிரிவு மெஷின், ஐடில் 3:52. போன் போட்டேன். "அய்யோ, சேவ் பண்ணலையே" என்றார். இன்னொருவர் போனை எடுக்கவில்லை. அந்த இரண்டையும் தொடாமல் விட்டுவிட்டேன். அம்மா இன்று காலை வந்து, சேவ் செய்து, அவரே ரீஸ்டார்ட் கொடுத்தார். மற்றது மதிய இடைவேளையில்.