வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் போட்டும் உள்ள நனையுதா? மழைக்குளிர் ஊருக்கு புதுசா வந்தவங்க படிங்க

வெளிநாடு வந்த புதுசுல நல்ல காசு போட்டு வாட்டர்ப்ரூஃப் ப்ரீத்தபிள் (மழையைத் தடுத்து வியர்வை ஆவியை மட்டும் வெளிய விடுற) ஜாக்கெட் வாங்கிட்டு, மழையில ஒரு மணி நேரம் மலை ஏறிட்டு ஜிப்பைத் தொறந்து பாத்தா சட்டை தொப்பலா இருக்கு, ஜாக்கெட் டூப்ளிகேட்டா, திருப்பிக் குடுத்துடலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. அவசரப்படாதீங்க. முக்கால்வாசி நேரம் உள்ள இருக்குறது மழைத்தண்ணி இல்ல, உங்க வியர்வைதான்.

இந்த ஜாக்கெட்டுக்குள்ள மெல்லிசா ஒரு மெம்ப்ரேன், அதாவது படலம் இருக்கும். கோர்டெக்ஸ்ங்கிற பிராண்ட்ல அது டெஃப்லான் வகை பிளாஸ்டிக்கை இழுத்து நீட்டி செஞ்ச படலம், 1969ல பாப் கோர் கண்டுபிடிச்சது, 1970கள்ல ஜாக்கெட்டா கடைக்கு வந்துச்சு. (2022ல இருந்து பாலிஎத்திலீன்ல செஞ்ச புது மெம்ப்ரேனும் விக்கிறாங்க.) அதுல இருக்குற ஓட்டைங்க மழைத்துளி நுழைய முடியாத அளவுக்கு சின்னது, ஆனா நீராவி தாராளமா போயிடும். விலை கம்மியான ஜாக்கெட்ல பெரும்பாலும் பாலியூரித்தேன் கோட்டிங், அதுல ஓட்டையே இல்லாத ரகம் நிறைய உண்டு, ஈரத்தை உறிஞ்சி ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் கடத்தும். எதுவா இருந்தாலும் தண்ணியை வெளிய நிறுத்துற வேலையை புதுசுல ஒழுங்காவே செய்யும். சிக்கல் வர்றது ரெண்டாவது வேலையில, உள்ள இருக்குற ஆவியை வெளிய அனுப்புறதுல.

நீராவி தானா நடந்து வெளிய போகாது, யாராவது தள்ளணும். உள்ள சூடும் ஈரமும் ஜாஸ்தி, வெளிய கம்மி, அந்த வித்தியாசம்தான் தள்ளுது. வெளிய வெதுவெதுப்பா மழை பெய்யுற நாள்ல காத்தே ஈரமா இருக்கும், வித்தியாசம் ரொம்ப கம்மி, எவ்வளவு விலையான ஜாக்கெட்டா இருந்தாலும் புழுங்கத்தான் செய்யும். சரி நல்ல குளிர் நாள்ல? வித்தியாசம் இருக்கும், ஆனா ஜாக்கெட்டோட உள்பக்கம் சில்லுன்னு ஆயிடும், சோறு கொதிக்கும்போது மூடியோட உள்பக்கம் தண்ணி கோத்து நிக்குமே அதே மாதிரி ஆவி வெளிய போறதுக்குள்ள அங்கேயே தண்ணியாயிடும். அதைத் தொட்டுப் பாத்துதான் நிறைய பேர் ஒழுகுதுன்னு நினைக்கிறாங்க.

லேபிள்ல 10கே, 20கேன்னு (கேன்னா ஆயிரம்) ரெண்டு நம்பர் போட்டிருப்பாங்க. முதல் நம்பர் துணி மேல எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு தண்ணியை நிறுத்தினா கசியும்னு சொல்றது. 10,000 மி.மீ இருந்தா சாதாரண மழைக்கு தாராளம், பை பட்டை தோள்ல அழுத்துற இடம், ஈரத்துல உக்கார்ற இடம், இங்கெல்லாம் அழுத்தம் ஜாஸ்திங்கிறதால நாள் பூரா மலையில இருக்குறவங்களுக்கு 20,000 நல்லது. ரெண்டாவது நம்பர்தான் ஆளை ஏமாத்தும். 10,000னா ஒரு சதுர மீட்டர் துணி வழியா 24 மணி நேரத்துல 10,000 கிராம் ஆவி போகும்னு அர்த்தம், கணக்கு போட்டா மணிக்கு சுமார் 417 கிராம், அதுவும் லேப்ல, அவங்களுக்கு சாதகமான சூழ்நிலையில. பையைத் தூக்கிட்டு வேகமா ஏறுற ஆளுக்கு ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர் வரைக்கும் வேர்க்கலாம், முதுகை வேற பை மூடிடுது. அதனால பேப்பர்லயே பத்தாது. போதாக்குறைக்கு டெஸ்ட் பண்ற முறையும் கம்பெனிக்கு கம்பெனி வேற, ஒரு பிராண்டோட 20,000த்தை இன்னொரு பிராண்டோட 15,000த்தோட ஒப்பிடவே முடியாது. ஆர்.இ.டி.ன்னு ஒரு அளவு (ஆவி வெளிய போறதுக்கு துணி குடுக்குற தடை) போட்டிருந்தா அதைப் பாருங்க, அது எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, 6க்கு கீழன்னா அருமை, 20க்கு மேல போனா நடக்குறப்ப புழுங்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், இதை யாரும் கடையில சொல்றதில்ல. மேல்துணியில தண்ணி பட்டா முத்து முத்தா உருண்டு ஓடுறதுக்கு ஒரு பூச்சு இருக்கும், டி.டபிள்யூ.ஆர்.னு சொல்லுவாங்க. அழுக்கு, உடம்பு எண்ணெய், பை பட்டை உராய்வு எல்லாம் சேர்ந்து அந்த பூச்சு செயல்படாம போயிடும், அப்புறம் மேல்துணி தண்ணியை குடிச்சு கனமா, சில்லுன்னு உடம்போட ஒட்டிக்கும். மெம்ப்ரேன் அப்பவும் மழையைத் தடுத்துட்டுதான் இருக்கும், ஆனா மேல தண்ணி படலம் மூடிட்டதால ஆவி போக வழியே இல்ல. உள்ளயும் ஈரம், வெளியயும் ஈரம். இப்ப பி.எஃப்.ஏ.எஸ்.ங்கிற, லேசுல அழியாத கெமிக்கல் இல்லாத பூச்சுக்கு மாறிட்டு வர்றாங்க, சுற்றுச்சூழலுக்கு அது நல்லதுதான், ஆனா எண்ணெய்ப் பிசுக்கை அது பழசு அளவுக்கு தாங்காது, அதனால இன்னும் சீக்கிரமா துவைக்கணும்.

ஆமா, துவைக்கணும். துவைச்சா வாட்டர்ப்ரூஃப் போயிடும்னு வருஷக்கணக்குல துவைக்காம வச்சிருக்குறவங்களப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, அப்படி வச்சுதான் நல்ல ஜாக்கெட் எல்லாம் வீணாப் போகுது. வாட்டர்ப்ரூஃப் துணிக்குன்னே விக்கிற லிக்விட் வாங்கி, ஜிப் எல்லாம் மூடி துவைச்சு, நல்லா அலசிடுங்க. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மட்டும் கிட்டயே கொண்டு போகாதீங்க, அது துணி மேல படிஞ்சு தண்ணியை இழுக்கும். லேபிள்ல அனுமதி இருந்தா டிரையர்ல மிதமான சூட்டுல கொஞ்ச நேரம் ஓட்டுங்க, சூடு பட்டா பூச்சு திரும்ப உயிர் வரும். அப்புறம் குழாய்த்தண்ணி தெளிச்சுப் பாருங்க, உருளலைன்னா மட்டும் பூச்சு ஸ்ப்ரே வாங்கி அடிங்க.

போடுற விதமும் இருக்கு. ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு லேயர் கழட்டிடுங்க, கிளம்பும்போது லேசா குளிரணும், அதுதான் சரி. அக்குள் பக்கம் ஜிப் இருக்குற ஜாக்கெட்டா வாங்குங்க, எந்த மெம்ப்ரேனையும் விட அந்த ஜிப்பைத் தொறந்து விட்டா போற காத்து ஜாஸ்தி. மழை விட்டதும் ஜாக்கெட்டை கழட்டி பைக்குள்ள போடுங்க. உள்ள காட்டன் பனியன் வேணாம், அது ஈரத்தை புடிச்சு வச்சுக்கும், பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ போட்டா ஈரமானாலும் உடம்பு அவ்வளவு சீக்கிரம் விறைக்காது. அப்புறம் தண்ணி நிஜமாவே உள்ள வர்ற வழிகள் கழுத்து, கைமுனை, ஜிப், தையல். கையைத் தூக்கிட்டு நடந்தா மணிக்கட்டு வழியா முழங்கை வரைக்கும் ஓடும், வெல்க்ரோவை இறுக்கிக்கோங்க. எல்லா தையலுக்கும் டேப் ஒட்டியிருக்கான்னு உள்பக்கம் திருப்பிப் பாத்து வாங்குங்க, சில மாடல்ல தோளுக்கும் தலைக்கும் மட்டும்தான் ஒட்டியிருப்பாங்க.

வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப், ஸ்டாப்ல இருந்து ஆபீஸ், அவ்வளவுதான் நடைன்னா மேல்துணி, மெம்ப்ரேன், உள்துணி மூணையும் ஒட்டின மூணு லேயர் விலையான ஜாக்கெட் தேவையே இல்லைன்னு நான் அடிச்சு சொல்லுவேன். கோட்டிங் ஜாக்கெட்டும் காத்து இல்லாத நாளுக்கு ஒரு குடையும் போதும், குடைக்கு கீழ புழுக்கமே கிடையாது. ஆனா அந்த கோட்டிங் சில வருஷத்துல உள்பக்கம் செதில் செதிலா உரியலாம், ஈரத்தோட சுருட்டி பையில போட்டு வச்சா இன்னும் சீக்கிரம் உரியும், அதனால காயவச்சு தொங்க விடுங்க.

மலைக்கோ காட்டுக்கோ போறவங்க ஒண்ணு கேட்டுக்கோங்க. குளிர் பூஜ்யத்துக்கு கீழ போனாதான் ஆபத்துன்னு இல்ல, 5, 10 டிகிரியில நனைஞ்ச துணியோட காத்துல நின்னாலே உடம்பு சூடு இறங்கிடும், நடையை நிறுத்தினதும்தான் அது தெரியும். நடுக்கம், பேச்சு குழறுறது, கை சொன்ன பேச்சு கேக்காதது இதெல்லாம் ஆரம்பிச்சா மேல ஏறாதீங்க, காத்து படாத இடமாப் பாத்து ஈரத்துணியை மாத்திட்டு இறங்குற வழியைப் பாருங்க. மாத்துறதுக்கு காஞ்ச பனியன் ஒண்ணு, சாக்ஸ் ஒரு ஜோடி, சூடான மேலங்கி ஒண்ணு, மூணையும் தண்ணி புகாத கவர்ல கட்டி பைக்குள்ள வச்சிருங்க, பைக்கு மேல போடுற மழை உறையை மட்டும் நம்பாதீங்க, முதுகுப் பக்கம் அது திறந்துதான் இருக்கும்.