வானவில் ஜெர்ஸியை ஞாயிற்றுக்கிழமை ரைடுக்குப் போடலாமா?

மலைப்பாதை:
கிளப் ஜெர்ஸி, கடையில் வாங்கிய சாதா ஜெர்ஸி பற்றியெல்லாம் எனக்குப் பேச்சே இல்லை. சைக்கிள் பந்தய உலக சாம்பியனின் வானவில் ஜெர்ஸி பற்றித்தான் இந்த இழை. வெள்ளைத் துணி, மார்பைச் சுற்றி நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று ஐந்து பட்டைகள். ஆண்கள் சாலைப் பந்தயத்தில் வருடத்துக்கு ஒருவர்தான் அதைப் போட முடியும். அவருக்கும் ஆயிரம் கட்டுப்பாடு. தனிநபர் நேரப் போட்டியில் (ஒவ்வொருவராகத் தனியே மிதித்து நேரம் குறிப்பது) பட்டம் வாங்கியவர் சாலைப் பந்தயத்துக்கு அதைப் போட்டுவரக் கூடாது. அடுத்த வருடம் வேறொருவர் வென்றுவிட்டால் கழற்றிவிட வேண்டும். அதன்பிறகு கழுத்துப்பட்டியிலும் கை விளிம்பிலும் மெல்லிய பட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வென்றவனுக்கே இவ்வளவு கணக்கு இருக்கும்போது, சென்னை இசிஆரில் ஒரே குழுவில் வானவில் போட்ட மூன்று நான்கு உலக சாம்பியன்கள் இளநீர் குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்ஸிக்கும் இதே பதில்தான். தொழில்முறைப் பந்தய அணிகளின் ஜெர்ஸி போடுபவர்களைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும், ஆனால் சண்டைக்குப் போகமாட்டேன்.

கியர்_இல்லாதவன்:
சேப்பாக்கத்தில் மேட்ச் அன்று போய்ப் பாருங்கள் அண்ணா. பாதிப் பேர் முதுகில் 7, மேலே தோனி என்று பெயர் வேறு. "நீ எத்தனை கோப்பை வாங்கினாய்?" என்று யாராவது அவர்களைக் கேட்கிறோமா? சைக்கிள்காரர்களுக்கு மட்டும் எதற்கு இந்த மடி ஆசாரம்?

மலைப்பாதை:
கேலரியில் உட்கார்ந்து போட்டுக்கொள்வது வேறு, களத்தில் இறங்கிப் போட்டுக்கொள்வது வேறு. 2017-இல் கொழும்பில் ஷர்துல் தாக்கூர் தன் முதல் ஒருநாள் ஆட்டத்துக்கு 10 எண் போட்டு இறங்கினார். சச்சினின் எண்ணை இவர் எப்படிப் போடலாம் என்று நாடே கொதித்தது. இத்தனைக்கும் அவர் இந்தியாவுக்காக ஆடத் தேர்வானவர்! அப்போது கத்திய அதே ஜனம்தான் கேலரியில் 10 போட்டு உட்கார்ந்திருந்தது. அதில் முரண் எதுவும் இல்லை. நீங்கள் சைக்கிளில் ஏறி மிதித்தால் கேலரியில் இல்லை.

பழைய_ஹெர்குலிஸ்:
தம்பி, நீங்கள் புனிதம் புனிதம் என்கிற ஜெர்ஸிகள் எல்லாம் பிறந்ததே விளம்பரத்துக்கு. டூரை நடத்திய 'லோட்டோ' பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சாகும், அதனால் மஞ்சள் ஜெர்ஸி. இத்தாலிய டூரை நடத்திய 'கஸெட்டா' பத்திரிகை இளஞ்சிவப்புத் தாள், அதனால் 1931-இல் இளஞ்சிவப்பு ஜெர்ஸி. டூரில் மலை ஏற்றங்களில் முன்னிலை பெறும் 'மலை ராஜா'வுக்குப் புள்ளி ஜெர்ஸி கொடுத்தது 1975-இல். காசு போட்டது ஒரு சாக்லேட் கம்பெனி.

இன்னொன்றும் கேளுங்கள். 1919-இல் முதன்முதலில் மஞ்சளைப் போட்ட யூஜேன் கிரிஸ்டோஃபை வழியெல்லாம் "கேனரிக் குருவி" என்று கலாய்த்திருக்கிறார்கள். கடைசியில் சைக்கிளின் முன் கவை உடைந்து, மணிக்கணக்கில் நேரம் போய், அந்த டூரை அவர் வெல்லவும் இல்லை. அதற்குப் பிறகும் வென்றதில்லை. பத்திரிகை விற்பதற்காகத் தைத்த சட்டையை ரசிகன் காசு கொடுத்து வாங்கிப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஏற்றக்காரி:
பிறந்தது விளம்பரத்துக்காக, சரி. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள் ஐயா? 1971 டூரில் லூயிஸ் ஒகான்யா ஏழு நிமிடத்துக்கும் மேல் முன்னிலையில் மஞ்சளோடு இருந்தார். மெந்தே கணவாய் இறக்கத்தில் கொட்டிய ஆலங்கட்டி மழையில் விழுந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். முதலிடம் அடுத்த இடத்தில் இருந்த எடி மெர்க்ஸுக்கு வந்தது. மறுநாள் காலை மெர்க்ஸ் அதைப் போட மறுத்துவிட்டார். விதிப்படி அது அவருடையது, யாரும் தடுக்கவில்லை, அதற்கு முன்பே இரண்டு டூர் வென்றவர் வேறு. இன்னொருவன் விழுந்ததால் கிடைத்த சட்டை வேண்டாம் என்றார். 1980-இல் மஞ்சளில் இருந்த பெர்னார் இனோ முழங்கால் வலியால் விலகியபோது, அடுத்த இடத்தில் இருந்த சூத்தெமெல்க்கும் இதையே செய்தார்.

2024 பெண்கள் டூரில், கடைசி நாள் ஆல்ப் துவெஸ் மலை ஏறி முடித்தபிறகு, காஷா நிவியாதோமா மொத்தமாக வென்றது வெறும் 4 நொடி வித்தியாசத்தில். எட்டுக் கட்டம் மிதித்து 4 நொடி! அந்த மஞ்சளை நான் ஆன்லைனில் 'எம்' சைஸ் ஆர்டர் போட்டு, உத்தண்டி வரை போய்வந்து போட்டோ போட வேண்டுமா? என் கை போகாது.

கியர்_இல்லாதவன்:
மெர்க்ஸ் மறுத்தது பந்தயத்தில் அக்கா. எதிரே ஒரு போட்டியாளர் இருந்தார், அவருக்குச் செய்த மரியாதை அது. உத்தண்டி போகும் வழியில் எந்த ஒகான்யா விழுந்து கிடக்கிறார்?

இன்னொரு விஷயம். முதலில் குழுவுக்கு வருகிற பையன் டிவியில் சைக்கிள் வீரர் பொகச்சாரைப் பார்த்து ஆசைப்பட்டு அந்த ஜெர்ஸியை வாங்குகிறான். அவனிடம் இருப்பதே அது ஒன்றுதான். முதல் நாளே "இதையெல்லாம் போடக் கூடாது தம்பி" என்று ஒரு பெரியவர் வகுப்பு எடுத்தால், அடுத்த வாரம் வரமாட்டான். இப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மலைப்பாதை:
முதல் நாளே வகுப்பு எடுப்பது மட்டமான வேலை. அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் நான் சொல்கிற ஆட்கள் புதுப் பையன்கள் இல்லை. மூன்று லட்ச ரூபாய் சைக்கிள், பவர் மீட்டர், ஷேவ் செய்த கால். அவர்களுக்கு அது யாருடைய ஜெர்ஸி என்று நன்றாகத் தெரியும்.

சூரிச்_தம்பி:
2024 உலகப் பந்தயம் எங்கள் ஊரில்தான் நடந்தது. பொகச்சார் முடிவுக்கு 100 கிலோமீட்டர் இருக்கும்போதே பாய்ந்து போன நாள். சாலையோரத்தில் பாதிச் சனம் ஏதோ ஒரு அணி ஜெர்ஸியில் நின்றது. பந்தயம் பார்க்க அங்கு வந்ததே சைக்கிளில்தான். மலைப்பாதை அண்ணை, அவர்கள் கேலரியா, களமா? பந்தயம் போவதற்குச் சில மணி நேரம் முன்பு அதே ஏற்றத்தில் அவர்களும் மிதிக்கிறார்கள். இந்த விளையாட்டில் இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. கிரிக்கெட்டோடு ஒப்பிடுவது இங்கே சறுக்குகிறது.

அணி ஜெர்ஸி பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான இடத்தில் சாலையோரம் நின்று பார்க்க டிக்கெட் இல்லை. டிவி உரிமைப் பணம் போவது பந்தயம் நடத்துபவர்களுக்கு. அணிகள் ஸ்பான்சரை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன. ஸ்பான்சர் கைவிட்டால் அணி மறைந்துவிடும், ஜெர்ஸி மட்டும் மிஞ்சும். நான் லா வி கிளேர் அணியின் அந்தக் கட்டம் போட்ட ஜெர்ஸியைப் போடுகிறேன். 1985-இல் இனோவும் 1986-இல் லெமாண்டும் டூர் வென்ற அணி. அதைப் போட்டால் என்னை இனோ என்று எவரும் நினைக்கப்போவதில்லை, என் வயிற்றைப் பார்த்தாலே தெரியும்.

ஏற்றக்காரி:
அணி ஜெர்ஸிக்கு நானும் எதிரி இல்லை. அது விளம்பரப் பலகை. காசு கொடுத்துப் பலகையாக நிற்பது அவரவர் விருப்பம்.

பழைய_ஹெர்குலிஸ்:
அப்படியென்றால் ஒரு கேள்வி அம்மா. என் பீரோவில் அமெரிக்க தபால் அணி ஜெர்ஸி ஒன்று இருக்கிறது. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் அந்த அணியில் இருந்த காலத்தில் வாங்கியது. 2012-இல் அவருடைய ஏழு டூர் பட்டங்களையும் பிடுங்கிவிட்டார்கள். ஊக்கமருந்தோடு மஞ்சள் போட்டவர் அவர். ஒரு மருந்தும் இல்லாமல், காலை டிபனுக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு மஞ்சள் போடுகிறவன் நான். யார் ஜெர்ஸியை அதிகம் அவமதித்தது?

மலைப்பாதை:
அவர்தான், சந்தேகமே இல்லை. அதனால்தான் பிடுங்கினார்கள். ஜெர்ஸிக்கு மதிப்பு இருப்பதால்தானே பிடுங்க முடிகிறது? வெறும் பத்திரிகை விளம்பரம் என்றால் எவன் கவலைப்படுவான்.

சூரிச்_தம்பி:
அண்ணை, ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். உலக சைக்கிள் சங்கமான யுசிஐ அமெச்சூர்களுக்கும் வருடந்தோறும் கிரான் ஃபோண்டோ என்ற நீள்தூர உலகப் போட்டி நடத்துகிறது. தகுதிப் பந்தயத்தில் தேறிப் போய், உங்கள் வயதுப் பிரிவில் முதலில் வந்தால் வானவில் ஜெர்ஸியை மாட்டிவிடுவார்கள். அறுபது வயதுக்காரர்கள்கூட வாங்குகிறார்கள். ஆகவே வானவில்லில் ஒருவர் வந்தால் உடனே சிரிக்காதீர்கள்.

மலைப்பாதை:
என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பல வருடம் பயிற்சி எடுத்து, கைக்காசு போட்டு வெளிநாடு போய், அறுபது வயதில் ஒருவர் உண்மையாகவே வென்றுவந்த ஜெர்ஸி. அதை அவர் எங்கள் ஊரில் போட்டால், கடையில் வாங்கினார் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? அதற்குக் காரணம் அந்த இளநீர்க் கடைச் சாம்பியன்கள். நஷ்டம் யாருக்கு என்று பெரியவர் கேட்டாரே, இவருக்குத்தான்.

கியர்_இல்லாதவன்:
முதல் ஏற்றத்தில் உங்களை விட்டுவிட்டுப் போகும்போது தெரிந்துவிடும் அண்ணா.

மலைப்பாதை:
இசிஆரில் எங்கே ஏற்றம்? இருப்பதெல்லாம் பாலம்.

பழைய_ஹெர்குலிஸ்:
நீங்கள் சொன்ன அந்த அறுபது வயதுக்காரர் விஷயம் யோசிக்க வைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வானவில் ஜெர்ஸியை யுசிஐ அனுமதியோடு தைக்கிற இத்தாலியக் கம்பெனியே கடையில் நகல் விற்கிறது. டூர் மஞ்சளும் அப்படித்தான். கோபம் வந்தால் அங்கே கடிதம் போடுங்கள். வாங்கியவனை மடக்காதீர்கள்.

ஏற்றக்காரி:
விற்பதால் போடலாம் என்றால் வக்கீல் கோட்டும் கடையில் கிடைக்கிறது ஐயா.

கியர்_இல்லாதவன்:
மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளைகள் போடுவார்கள் அக்கா. ஞாயிறு ரைடும் கிட்டத்தட்ட அதுதான். நீதிமன்றத்துக்கு யாரும் போகவில்லை.

மலைப்பாதை:
சரி, நீதிமன்றத்தை வைத்தே முடிவுக்கு வருகிறேன். எங்கள் கிளப் நேரப் போட்டிக்கு ஒரு விதி எழுதப்போகிறேன்: வெல்லாதவர் வானவில்லோ மஞ்சளோ புள்ளியோ போட்டால் நேரம் குறிக்கப்படாது. சாதாரண ரைடுக்கு எந்த விதியும் இல்லை. சிரிப்பு வந்தால் சிரிப்பேன், அது என் உரிமை.

பழைய_ஹெர்குலிஸ்:
மஞ்சள் என்றால் எந்த மஞ்சள் என்று தெளிவாக எழுதுங்கள். உங்கள் கிளப்பில் பாதிப் பேரிடம் இருப்பது சிஎஸ்கே ஜெர்ஸி. அதற்குத் தடை போட்டுப் பாருங்கள், மறுநாள் கிளப்பே இருக்காது.