50 மீட்டர் முயலுக்கு எந்த தெர்மல்? 256ஆ, 384ஆ, டார்ச்சே போதுமா?

கீலாங் குமரன்
வணக்கம். வின்செல்சி பக்கத்தில் நண்பரின் மாமனார் பண்ணையில் முயல் சுட அனுமதி கிடைத்திருக்கிறது. ஏ வகைத் துப்பாக்கி உரிமம் வாங்கிவிட்டேன். துப்பாக்கி .22, சப்சானிக் தோட்டா (ஒலியைவிட மெதுவாகப் போவது). இருட்டில் நடந்தே போய் 30 முதல் 60 மீட்டருக்குள் சுடுவதாகத் திட்டம். துப்பாக்கியில் சாதாரண ஸ்கோப், அதன்மேல் சிவப்பு டார்ச். கையில் பிடித்துத் தேடுவதற்கு மட்டும் ஒரு தெர்மல் மோனோகுலர், அதாவது வெப்பத்தைப் படமாகக் காட்டும் ஒற்றைக்கண் கருவி வேண்டும். பட்ஜெட் ஆயிரம் டாலர், தேவைப்பட்டால் இன்னும் இருநூறு போடலாம். கடையில் 25 மி.மீ. லென்ஸ் உள்ளதைக் காட்டி, "1,200 மீட்டர் வரை தெரியும்" என்கிறார்கள். எடுக்கலாமா?

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முயல் வேட்டை 1972 இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், யாரும் இதைப் பார்த்து இறங்க வேண்டாம். இங்கே ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் காட்டு முயல் சட்டப்படியே தொல்லை விலங்கு, அது பரவாமல் பார்த்துக்கொள்வது நிலச் சொந்தக்காரரின் கடமை. 1859இல் தாமஸ் ஆஸ்டின் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து விட்ட முயல்கள் இதே வின்செல்சியை ஒட்டிய பார்வன் பார்க் என்ற அவருடைய பண்ணையிலிருந்துதான் கண்டத்தின் பெரும்பகுதிக்கும் பரவின.

பல்லாரட் செல்வம்
25 வேண்டாம் தம்பி. பெட்டியில் போடும் அந்த 1,200 மீட்டர், நிற்கிற ஆள் ஒருவர் புள்ளியாகத் தெரியும் தூரம். முயலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நானும் முதலில் 25தான் வாங்கினேன். 256 சென்சாரில், அதாவது அகலவாக்கில் 256 பிக்சல் உள்ளதில், அந்த லென்ஸைப் போட்டால் 50 மீட்டரில் ஆறு மீட்டர் அகலம்தான் தெரியும். ஒரு முயலைப் பெரிசாகப் பார்த்துக்கொண்டே நடப்பேன், பக்கத்தில் இருந்த மூன்று முயல் காலைத் தட்டி எச்சரித்துவிட்டு வளைக்குள் ஓடிவிடும். 10 மி.மீ. எடுங்கள். அதே 50 மீட்டரில் 15 மீட்டர் அகலம் கிடைக்கும். ஒரு தடவை கையை வீசினால் மேய்ச்சல் நிலம் முழுக்க வந்துவிடும்.

நரேன்_பெண்டிகோ
செல்வம் அண்ணா, மன்னிக்கவும், இதை நான் ஏற்கமாட்டேன். 256-இல் 10 மி.மீ. ஒன்று ஒரு வருடம் வைத்திருந்தேன். 50 மீட்டரில் தெரிவது வெறும் வெள்ளைப் புள்ளி. பூனையா முயலா என்று நின்று யோசித்தே இரவு போகும். 384 சென்சாருக்குக் கீழே எதை வாங்கினாலும் பணத்தை இரண்டு தடவை செலவழிக்கிற கதை. குமரன், ஆறு மாதம் பொறுத்துப் பணம் சேர்த்து 384 எடுங்கள்.

வசந்தி
நரேன், கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த மாடல்களில் பெரும்பாலானவற்றில் சென்சாரின் ஒரு பிக்சல் 12 மைக்ரான். 256 ஆனாலும் 384 ஆனாலும் அதே 12தான். 10 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் 50 மீட்டரில் 6 செ.மீ.யைப் பிடிக்கும். 15 மி.மீ. லென்ஸில் 4 செ.மீ. குந்தி மேய்கிற முயல் 35 செ.மீ. நீளம் என்று வைத்தால் 10-இல் ஆறு பிக்சல், 15-இல் ஒன்பது.

அதாவது முயல் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை லென்ஸ்தான் முடிவு செய்கிறது. 384 தருவது அகலத்தை. 256-இல் 15 மி.மீ. போட்டால் 10 மீட்டர் அகலம், 384-இல் அதே லென்ஸ் போட்டால் 15 மீட்டர். இரண்டிலும் முயல் ஒரே ஒன்பது பிக்சல். உங்கள் பழைய கருவியை 10-லிருந்து 15-க்கு மாற்றியிருந்தாலே பாதிப் புகார் தீர்ந்திருக்கும்.

நரேன்_பெண்டிகோ
சரி அக்கா, லென்ஸ் விஷயத்தில் நான் குழப்பிக்கொண்டது உண்மை. ஆனால் அகலமும் வேண்டும், தெளிவும் வேண்டும் என்றால் உங்கள் கணக்குப்படியே 384-இல் 15தானே வருகிறது? அப்புறம் உணர்திறன் என்று ஒன்று இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த இரவில் புல், மண், கல் எல்லாம் ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும். 25 மில்லிகெல்வின், அதாவது 0.025 டிகிரி வித்தியாசத்தையும் பிரித்துக் காட்டும் சென்சாரில் அப்போதும் நிலத்தின் மேடு பள்ளம் தெரியும். மலிவான கருவியில் திரை முழுக்கச் சாம்பல் பூசியது போல இருக்கும். முயலுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா, வெற்றுவெளியா என்று தெரியாமல் எப்படிச் சுடுவது?

தவம்
தம்பிமார், நான் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். 60 மீட்டருக்குள் சுடுகிற ஆளுக்கு இந்தக் கருவியே தேவையில்லை. நான் இருபது வருடமாகச் சிவப்பு டார்ச்சோடு போகிறேன். வெளிச்சத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் கண் மின்னும். கண்ணோடு காது, உடல், பின்னால் என்ன இருக்கிறது, எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

தெர்மல் வந்த பிறகு ஆட்கள் புள்ளியைச் சுடப் பழகிவிட்டார்கள். போன குளிர்காலம் கூ வீ ரப் பக்கம் மச்சானோடு போனேன். வடிகால் ஓரம், பிளாக்பெர்ரி புதர். மச்சான் தெர்மலில் பார்த்துவிட்டு "முயல், முப்பத்தைந்து மீட்டர்" என்று காதோடு சொன்னார். வாங்கிப் பார்த்தேன், எனக்கும் முயல்தான். அதே உருண்டை, அதே அளவு, தலை குனிந்து மேய்கிற மாதிரி. டார்ச்சைப் போட்டேன். நீள மூக்கை மண்ணுக்குள் விட்டுக் கிண்டிக்கொண்டு நின்றது ஒரு பழுப்பு பாண்டிகூட், முயலளவே உள்ள பைப்பாலூட்டி! அந்தச் சதுப்புநிலக் கால்வாய்களில் மிஞ்சியிருக்கிற, அழிவின் விளிம்பில் உள்ள சீவன். மச்சானின் துப்பாக்கி அதற்குள் முக்காலியில் ஏறிவிட்டது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கை நடுங்கும்.

பல்லாரட் செல்வம்
தவம் அண்ணை, உங்கள் கதையிலேயே பதிலும் இருக்கிறது. தெர்மல் கண்டுபிடித்தது, டார்ச் அடையாளம் காட்டியது. குமரனும் அதைத்தானே செய்யப்போகிறார்? ஸ்கோப்பில் பார்க்க அவர் எப்படியும் விளக்குப் போட்டாக வேண்டும். அப்படியிருக்க தெர்மலில் முகம் தெரியவேண்டும் என்று எதற்கு இன்னும் ஆயிரம் செலவழிக்க வேண்டும்?

இன்னொன்று. மாதம் நான்கு தடவை சுடுகிற பண்ணையில் முயல் டார்ச்சைக் கற்றுக்கொள்கிறது. சிவப்பாக இருந்தாலும் இரண்டாம் மாதம் வெளிச்சம் பட்டதும் ஓடுகிறது. தெர்மலில் விளக்கில்லாமல் 40 மீட்டர் வரை நெருங்கி, கடைசி ஐந்து விநாடி மட்டும் வெளிச்சம் போட்டால் போதும்.

தவம்
அந்தக் கடைசி ஐந்து விநாடிதான் என்னுடைய பயம். தெர்மலில் முயல் என்று மனம் முடிவெடுத்துவிட்டால், வெளிச்சம் போட்ட பிறகு கண் முயலைத்தான் தேடும். மச்சானுக்கு நடந்தது அதுதான். டார்ச் போட்ட பிறகும் அவர் விரல் எடுக்கவில்லை, நான் கையைப் பிடித்துத்தான் நிறுத்தினேன். தெர்மலில் பார்த்தால் "ஒரு சீவன்" என்று மட்டும் சொல்லுங்கோ. முயல் என்ற சொல்லை டார்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கோ.

வசந்தி
இதை நான் முழுசாக ஆமோதிக்கிறேன். காதை வைத்து அடையாளம் பிடிக்கலாம் என்றும் பலர் நம்புகிறார்கள். குளிர் இரவில் முயல் காதுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், காது ஆறிப்போய்ப் பின்னணியோடு கலந்துவிடும். முகமும் கண்ணும்தான் பளிச்சென்று இருக்கும். 384 வாங்கினாலும் இது மாறாது, நரேன்.

நரேன்_பெண்டிகோ
மாறாதுதான். ஆனாலும் ஈர இரவு பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பல்லாரட் செல்வம்
ஈர இரவில் மலிவுக் கருவி திணறும், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு நான் போவதில்லை. குமரன், என் 10 மி.மீ.யை இந்த வாரம் தருகிறேன், முயலிருக்கும் நிலத்திலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்குள் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கண்ணாடியைத் தாண்டி வெப்பக்கதிர் வராது. காருக்குள் இருந்தாலும் கண்ணாடியை இறக்க வேண்டும்.

கீலாங் குமரன்
சனிக்கிழமை போய் வந்தேன். எட்டு மணிக்குத் திரையைப் பார்த்ததும் பகீரென்றது, நிலம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். எல்லாம் எரிமலைக் கருங்கல்! பகல் முழுக்க வெயில் குடித்த கல் அத்தனையும் முயலாக நிற்கிறது. பழைய கல்மதிலே ஒரு நீள வெள்ளைக் கோடு. பத்தரைக்குக் கல் ஆறிய பிறகுதான் ஒழுங்காகத் தெரிந்தது. மதிலோரம் ஏழு புள்ளிகள் அசைந்தன. 45 மீட்டர் வரை நெருங்கினேன். தவம் அண்ணை சொன்னபடி மனதுக்குள் "ஒரு சீவன்" என்றே சொல்லிக்கொண்டு டார்ச்சைப் போட்டேன். ஆறு முயல். ஏழாவது, வேலிக்குக் கீழே நுழைந்து வந்து படுத்திருந்த பக்கத்துப் பண்ணை ஆட்டுக்குட்டி. தெர்மலில் கம்பி வேலி கண்ணுக்கே படவில்லை. அன்றைக்குச் சுடவில்லை, குட்டியை வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

10 மி.மீ.யே எடுக்கிறேன். அகலம் இல்லாவிட்டால் அந்த ஏழையும் ஒன்றாகப் பார்த்திருக்க மாட்டேன். மிச்சப் பணத்தில் டார்ச்சை மாற்றப்போகிறேன், இப்போதுள்ளது 45 மீட்டரிலேயே மங்குகிறது. தவம் அண்ணை, எந்த டார்ச் வைத்திருக்கிறீர்கள்?

தவம்
அடுத்த சனி நான் வின்செல்சிக்கே கொண்டுவருகிறேன். பத்தரைக்குப் பிறகு போவோம்.