பிரசன்டேஷன் பயிற்சி: பேச்சைத் திருத்துவதா, பொருளைத் திருத்துவதா?

நீலவானம்:
வணக்கம். எங்கள் டீமுக்குக் கூடுதல் ஆள் கேட்டு அடுத்த மாதம் மேனேஜ்மென்ட் முன்னால் பிரசன்டேஷன் கொடுக்க வேண்டும். கேள்விகளையும் சேர்த்து இருபது நிமிடம் தருவார்கள். இதற்காக அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். எப்படி நிற்பது, கையை எங்கே வைப்பது, குரலை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்றே வகுப்பு முழுக்கப் போனது. ‘நாம் சொல்லும் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55’ என்று பயிற்சியாளர் அழுத்தமாகச் சொன்னார். என்ன சொல்லப்போகிறோம் என்பதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. இருக்கும் கொஞ்ச நேரத்தைப் பேச்சுப் பயிற்சியில் போடுவதா, விஷயத்தைச் சரிசெய்வதில் போடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்புலி:
அந்த 7-38-55 கணக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுத்தது அது. ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களைக் காட்டி, பேசுகிறவருடைய பிடித்தம் பிடிக்காமையைக் கேட்பவர்கள் எப்படி ஊகிக்கிறார்கள் என்று பார்த்தார். தன் உணர்ச்சியைப் பற்றி ஒருவர் பேசும்போதுதான் இது பொருந்தும் என்று அவரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆள் கேட்டு நடக்கும் பட்ஜெட் பேச்சுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் நிதித் துறையில் இருக்கிறேன். பணம் கேட்டு வருகிறவர்களுக்கு எதிர்ப்பக்கம் உட்காருவது என் வேலை. என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும், கொடுத்தால் எது மாறும், கொடுக்காவிட்டால் எது நிற்கும், இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலான பேர் இதைக் கடைசி ஸ்லைடில் வைக்கிறார்கள். அதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது, மேலதிகாரி அடுத்த மீட்டிங்குக்குக் கிளம்பிவிடுகிறார். முழு நேரத்தையும் விஷயத்தில் போடுங்கள்.

மேடைக்காரன்:
அந்த எண்கள் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதிலிருந்து ‘பேச்சுப் பயிற்சி தேவையில்லை’ என்று தாவுவது சரியில்லை நண்பரே. நான் இந்தப் பயிற்சியைத் தொழிலாகவே செய்கிறவன். திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

பொறியாளர் ஒருவர் பேசுகிறார். கையில் இருக்கும் விஷயம் நல்ல விஷயம். மிக முக்கியமான எண்ணைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் திரையைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார். குரல் சுவரில் மோதுகிறது. வாக்கியத்தின் கடைசியில் வரும் அந்த எண், மூச்சு தீர்ந்துபோய் அவர் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. அறையில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவருக்கோ சொல்லிவிட்ட நினைப்பு. இதைப் பொருளைத் திருத்திச் சரிசெய்ய முடியாது. எண்ணுக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்து, கேட்பவர்களைப் பார், எண்ணைச் சொல், மறுபடி நிறுத்து. இதைப் பழக வேண்டும். பழகினால்தான் வரும்.

கணக்குப்புலி:
கேட்கும்படி பேச வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் இல்லை. அமேசானைப் பாருங்கள். 2004-இல் ஜெஃப் பெசோஸ் தன் மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில் ஆறு பக்கத்துக்குள் முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் அமைதியாக அதைப் படிப்பார்கள், அப்புறம்தான் விவாதம். புள்ளி புள்ளியாகப் போட்டால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தொடர்பை விட்டுவிடலாம். வாக்கியமாக எழுதினால் அப்படித் தப்பிக்க முடியாது.

இன்னும் கனமான உதாரணம் கொலம்பியா விண்வெளி ஓடம். 2003 பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது அது சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ஏவும்போது வெளிப்புற எரிபொருள் கலத்திலிருந்து நுரைத்துண்டு ஒன்று பிய்ந்து இறக்கையில் அடித்திருந்தது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் அதைப் பற்றி ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால் பயப்பட ஒன்றுமில்லை என்ற எண்ணம்தான் வரும். அடித்த துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. இந்தத் தகவல் அதே ஸ்லைடின் அடியில், சிறிய எழுத்தில் கிடந்தது. தொழில்நுட்ப அறிக்கைகள் இருக்க வேண்டிய இடத்தை ஸ்லைடுகள் பிடித்துக்கொண்டதை விசாரணைக் குழுவே குறை சொன்னது.

மேடைக்காரன்:
கொலம்பியா என் பக்கத்துக்கும் சாட்சிதான். அந்த அறையில் யாராவது எழுந்து, ‘நாம் சோதித்ததைவிட 640 மடங்கு பெரிய துண்டு அடித்திருக்கிறது, எனவே நம் சோதனை இதற்குப் பொருந்தாது’ என்று ஒரே வாக்கியத்தில் உரக்கச் சொல்லியிருந்தால் பேச்சின் போக்கு மாறியிருக்கலாம். மேலதிகாரிகள் முன்னால் கசப்பான ஒன்றைச் சொல்லத் துணிவும் பழக்கமும் வேண்டும். அது தாளில் எழுதி வைப்பதால் மட்டும் வந்துவிடாது. அமேசானில்கூடப் படித்து முடித்த பிறகு வாயைத் திறந்து தன் கருத்தைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? நீலவானம் தன் மேனேஜ்மென்ட்டிடம் போய் ‘ஆறு பக்கம் படியுங்கள்’ என்று சொல்லும் நிலையிலும் இல்லை.

தேன்மொழி:
நான் விற்பனையில் இருக்கிறேன், வாடிக்கையாளர்கள் முன்னால் பேசுவது தினசரி வேலை. இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நம்மில் பலர் தாய்மொழி அல்லாத மொழியில் பேசுகிறோம். அங்கே பயமெல்லாம் நடுவில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவோமோ என்பதுதான். அதனால்தான் முழு வாக்கியங்களை ஸ்லைடில் எழுதி வைத்து அப்படியே வாசிக்கிறார்கள். சோம்பேறித்தனம் என்று இதைத் திட்டுகிறவர்கள் காரணத்தைப் பார்ப்பதில்லை.

ஆனால் அந்த வழி பயன் தராது. ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளரின் சோதனைகளில், படத்தோடு பேச்சை மட்டும் கேட்டவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்; அதே பேச்சு எழுத்தாகவும் திரையில் வந்தபோது புரிதல் குறைந்தது. கண்ணும் காதும் ஒரே வாக்கியத்தைத் துரத்துகின்றன, படத்தைப் பார்க்க ஆள் இல்லை. சில முக்கியச் சொற்களை மட்டும் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தப் பாதிப்பு இல்லை. எனவே ஸ்லைடில் ஒரு படம், இரண்டு மூன்று சொற்கள். வாக்கியங்கள் குறிப்புத் தாளில் இருக்கட்டும்.

அப்புறம், தொடக்க வாக்கியங்களையும் கடைசியில் கேட்கப்போகும் வாக்கியத்தையும் மனப்பாடம் செய்யுங்கள்.

கணக்குப்புலி:
மனப்பாடத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன் மேடம். மனப்பாடம் செய்தவரை நடுவில் ஒரு கேள்வி கேட்டு நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாமல் தவிக்கிறார். ‘அதைக் கடைசியில் சொல்கிறேன் சார்’ என்று தள்ளிப்போடுகிறார். அந்த நிமிடமே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

தேன்மொழி:
முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, முதலும் முடிவும் மட்டும். நடுப்பகுதிக்கு ஒத்திகை வேறு மாதிரி. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ‘இதிலிருந்து அடுத்ததற்கு ஏன் போகிறேன்’ என்பதை உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். அந்த இணைப்பு தெரிந்திருந்தால் எங்கே நிறுத்தினாலும் திரும்பி வரலாம். கேள்வி வந்தால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். பவர்பாயிண்டில் ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போகலாம். ஆங்கில பி எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும். எல்லார் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும். இந்த இரண்டும் தெரிந்தாலே கேள்வி நேரத்தில் பாதிப் பதற்றம் போய்விடும்.

நீலவானம்:
பதற்றம் என்றதும் கேட்கிறேன். ‘அமைதியாக இரு, அமைதியாக இரு’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது உதவவே இல்லை. வேறு வழி உண்டா?

மேடைக்காரன்:
உண்டு. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. பேசப்போகும் முன் ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பதற்றத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. அந்த வேகத்தை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் கொடுப்பது எளிது. இதோடு, உங்கள் பேச்சைப் போனில் பதிவு செய்து முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். எண்கள் எங்கே விழுங்கப்படுகின்றன என்று உங்களுக்கே தெரியும்.

நீலவானம்:
நன்றி. முதல் ஸ்லைடின் தலைப்பாக ‘மூன்றாம் காலாண்டு: வாடிக்கையாளர் சேவை நிலவரம்’ என்று வைத்திருந்தேன். இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘புகார்கள் தேங்குவதால் பழைய வாடிக்கையாளர்கள் விலகுகிறார்கள்; தடுக்க இரண்டு ஆள் தேவை’. சரியா?

கணக்குப்புலி:
முந்தையதைவிடப் பல மடங்கு நல்லது. ஆனால் எண்ணிக்கை எங்கே தம்பி? எத்தனை பேர் விலகினார்கள், அதனால் வருமானம் எவ்வளவு குறைந்தது, இரண்டு ஆளுக்கு வருடச் செலவு எவ்வளவு? இந்த மூன்றும் முதல் ஸ்லைடிலேயே வரட்டும். விலகியவர்கள் விலை காரணமாகப் போகவில்லை, புகார் காரணமாகத்தான் போனார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று நான் கட்டாயம் கேட்பேன். உங்கள் மேனேஜ்மென்ட்டிலும் ஒருவர் கேட்பார். அதற்குப் பதில் இல்லாமல் குரலைப் பதிவு செய்து கேட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

மேடைக்காரன்:
ஆதாரத்தைத் தேடுங்கள், மறுக்கவில்லை. கிடைத்த பிறகு அந்தச் சார்ட்டைக் காட்டும்போது, படுக்கைக் கோட்டில் என்ன இருக்கிறது, செங்குத்துக் கோட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் முடிவைச் சொல்லுங்கள். நீங்கள் நாள் கணக்கில் பார்த்த படத்தை அவர்கள் முதல் முறை பார்க்கிறார்கள். பதிவு செய்து கேட்கச் சொன்னதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தேன்மொழி:
நீலவானம், உங்கள் நிதிப் பிரிவில் தெரிந்தவர் இருந்தால் ஒத்திகைக்கு உட்காரச் சொல்லுங்கள். நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். அந்த ஒத்திகையையே பதிவும் செய்யுங்கள்.

நீலவானம்:
நிதிப் பிரிவில் ஒருவரிடம் இப்போதுதான் கேட்டேன், வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். விலகியவர்களின் புகார்ப் பதிவுகளை அதற்குள் எடுத்துவிடுகிறேன்.