மறுமொழி: நீரும் தரையும் உள்ள ஆமைத் தொட்டிக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

சும்மா கிடக்கும் மீன்தொட்டியை ஆமைக்கு ஏற்ற இருப்பிடமாக மாற்றுவது எப்படி என்ற தொடக்கநிலைக் கையேடு இரண்டு சொற்களுக்காகத் தேங்கி நிற்கிறது. ஒன்று, மாற்றியமைத்த தொட்டிக்கான பெயர். மற்றது, ஆமை தண்ணீரைவிட்டு ஏறி உட்காரும் மேட்டுக்கான பெயர். இதுவரை வந்த பரிந்துரைகளை எடுத்து வைத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

> பலுடேரியம் என்றே எழுதிவிடலாம். அக்வேரியத்தை ஏற்றுக்கொள்ளவில்லையா?

ஏற்றுக்கொண்டோம், ஆனால் மீன்தொட்டி என்ற சொல் பக்கத்திலேயே இருந்ததால் அது யாரையும் தடுக்கவில்லை. பலுடேரியத்துக்கு அப்படி ஒரு துணை இல்லை. சதுப்பு நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. செடிகொடியும் ஈரமும் நிறைந்த, பெரும்பாலும் தவளைக்கும் சிறு மீனுக்கும் அமைக்கிற தொட்டியைத்தான் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். 'சதுப்புத் தொட்டி' என்று பெயர்த்தாலும் சேறுதான் மனதில் வரும். ஆமைக்கு வேண்டியது தெளிந்த தண்ணீரும், சொட்டு ஈரமில்லாத தரையும்.

> நீர்நிலத் தொட்டி. எளிமை, யாருக்கும் புரியும்.

புரியும் என்பதில்தான் எனக்குத் தயக்கம். நீர்நிலம் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளியில் படித்த இருவாழ்விகள் நினைவுக்கு வரும். ஈழத்துப் பாடநூல் வழியில் ஈரூடகவாழிகள். தவளை அந்த வகை, ஆமை அந்த வகை இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் ஊர்வன. தவளைத் தோல் ஈரமாகவே இருக்க வேண்டும்; ஆமை ஓடு அவ்வப்போது நன்றாக உலர வேண்டும், இல்லையென்றால் ஓட்டில் பூஞ்சையும் அழுகலும் வரும். பெயரைப் பார்த்துத் தவளையை நினைத்த ஒருவர் ஈரப்பாசியைத் தரையாகப் போட்டுவைத்தால் துன்பப்படுவது ஆமைதான். 'அரைநீர்வாழ் ஊர்வன' என்று விலங்கைக் குறிப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

> கரைத்தொட்டி

இதைத்தான் நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். மீன்தொட்டிக்கும் ஆமைத் தொட்டிக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கரை ஒன்றுதான். கரை என்றால் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கும். 'நீர்' என்று தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. கரையில்லாத் தொட்டியில் ஆமை ஓய்வின்றி நீந்திக் களைத்துப்போகும். தொடக்கக்காரர்களின் தொட்டிகளில் நான் அடிக்கடி பார்க்கும் குறையும் இதுவே. குறையைப் பெயரே சுட்டிக்காட்டுமானால் அதைவிட நல்ல கலைச்சொல் கிடைக்காது.

சாயம் கரைக்கும் தொட்டி என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். இலக்கணமே அதைப் பார்த்துக்கொள்கிறது. கரைக்கிற தொட்டி என்றால் அது வினைத்தொகை, ஒற்று மிகாது, 'கரைதொட்டி' என்றுதான் வரும். நம் சொல் கரையை உடைய தொட்டி, ஆகவே த் மிகும். எழுதும்போது அந்த ஒற்றை விடாமல் எழுதினால் போதும்.

அடுத்து மேடு. துருத்தி, எக்கர் இரண்டும் அழகான பழஞ்சொற்கள். ஆற்றின் நடுவே எழும் திடலைத் துருத்தி என்பது எத்தனை பொருத்தம்! ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்பவர் கொல்லன் உலைக்குக் காற்றூதும் தோல்பையைத்தான் நினைப்பார். எக்கர் மணல்மேடு, நம் மேட்டில் மணலே இருக்காது. 'தீவு' பரவாயில்லை, ஆனால் எங்கும் ஒட்டாமல் நடுவில் நிற்பது போல ஒலிக்கிறது. பெரும்பாலான மேடுகள் கண்ணாடிச் சுவரோடு ஒட்டியே இருக்கின்றன. திட்டு நல்லது. தண்ணீருக்கு மேலே தெரியும் சிறு மேடு என்ற பொருளில் அது இன்றும் வாயில் புழங்குகிறது.

> வெயில்திட்டு

பாதி சம்மதம். முதலையும் ஆமையும் வெயில் காய்கின்றன என்றுதானே சொல்கிறோம். ஆனால் வெயில் என்று பெயரிலேயே இருந்தால் தொட்டியைச் சன்னலோரம் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், பயன் வராது. தோலில் வைட்டமின் டி3 உருவாக 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அந்தக் கதிர்தான் வேண்டும்; வீட்டுக்குள் அதைத் தருவது திட்டுக்கு மேலே மாட்டும் புற ஊதா பி விளக்கு. டி3 இல்லாமல் சுண்ணாம்புச்சத்து உடலில் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும், கால் வளையும். போதாததற்கு, நேர்வெயில் பட்ட சிறு தொட்டியில் தண்ணீர் வேகமாகச் சூடேறி ஆபத்தாகவும் முடியும்.

ஆகவே என் பரிந்துரை: காய்திட்டு. காய்தல் என்ற வினைக்குள் உலர்தலும் இருக்கிறது, குளிர்காய்தலும் இருக்கிறது. ஆமை அங்கே செய்வது இரண்டையும்தான். திட்டில் ஏறிய ஆமையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதலில் கழுத்தை நீட்டிச் சுற்றிப் பார்க்கும். அப்புறம் பின்னங்கால் இரண்டையும் வெளியே நீட்டி, விரலிடைச் சவ்வு விரிய, பாதத்தை விளக்கின் பக்கம் காட்டியபடி அசையாமல் கிடக்கும். ஓட்டின் ஓரத்தில் தங்கிய நீர் மறைந்து, கரும்பச்சை வெளிறிச் சாம்பல் படிந்தது போல ஆகும். முழுதும் காய்ந்துவிட்டது என்று அதைப் பார்த்தே சொல்லலாம். ஆடுகளம் என்பது ஆடும் களம் ஆனது போல, இது காயும் திட்டு. இங்கே ஒற்று மிகாது. 'காய்த்திட்டு' என்று எழுதினால் காய்கறிக் குவியல் ஆகிவிடும், கவனம்.

இரண்டு சொற்களும் ஓடுகின்றனவா என்று பார்க்கக் கையேட்டிலிருந்து ஒரு பத்தி:

'உங்களிடம் இருக்கும் மீன்தொட்டி கரைத்தொட்டியாக மாறுமா என்பதை ஆமையின் வளர்ந்த அளவுதான் முடிவு செய்யும். ஓட்டு நீளத்தில் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் சுமார் 40 லிட்டர் என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. கஸ்தூரி ஆமை 8 முதல் 13 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அதற்கு 200 லிட்டர் தொட்டி ஏறக்குறையப் போதும். செங்காது ஆமைப் பெட்டை 25 சென்டிமீட்டரைத் தாண்டும், பல பத்தாண்டுகள் வாழும். அதே தொட்டி அதற்குக் குட்டிப் பருவத்துக்கு மட்டும்தான். தண்ணீரை விளிம்புவரை நிரப்பாதீர்கள். ஆமை விளிம்பை எட்டிப் பிடித்து வெளியே ஏறிவிடும். காய்திட்டின் மேல்பரப்பு நீர்மட்டத்துக்கு மேலே, வழுக்காததாக, ஆமையின் முழு உடலும் கொள்ளும் அகலத்தில் இருக்கட்டும். செங்காது ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 27 பாகை செல்சியஸ், காய்திட்டு 30 முதல் 35 பாகை. விளக்குக்கும் காய்திட்டுக்கும் நடுவே கண்ணாடி மூடி கூடாது. வாய்க்குள் போகும் அளவுச் சிறு கல்லை அடியில் போடாதீர்கள், விழுங்கிவிடும். வடிகட்டியைத் தொட்டியின் நீரளவைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு உரியதாக வாங்குங்கள்.'

எனக்கு உறுத்தாமல் ஓடுகிறது. காய்திட்டு மூன்றாம் முறை வரும்போது விளக்கமே தேவைப்படவில்லை.

சாய்தளம், வடிகட்டி, வெப்ப விளக்கு ஆகியவை ஏற்கெனவே இருக்கும் சொற்கள், அவற்றைத் தொட வேண்டாம். 'புற ஊதா பி விளக்கு' நீளம்தான், ஆனால் சுருக்கினால் பி விழுந்துவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். வெளிச்சம் குறையாமலே அந்தக் கதிர் மட்டும் தேய்ந்துபோகும், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும் என்ற குறிப்பை அதன் பக்கத்தில் சேர்க்கிறேன். ஆமையை வாங்கும் முன் அந்த இனத்தை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறதா என்று பார்க்கவும், வளர்ந்த பின் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடக் கூடாது என்றும் முதல் பக்கத்திலேயே வரும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் செங்காது ஆமையும் இருக்கிறது.

இனி ஒன்றுதான் பாக்கி. சிறிய தொட்டியில் நீந்தும் இடம் குறையாமல் இருக்க, திட்டைத் தொட்டியின் விளிம்புக்கு மேலே தனிப்பெட்டியாக ஏற்றி வைப்பதுண்டு. அதற்கு 'மேல்திட்டு' என்று வைத்திருக்கிறேன். 'மேற்றிட்டு' என்று புணர்த்தி எழுத வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள். தொடக்கக்காரர் தட்டுத்தடுமாறிப் படிப்பதைவிடப் பிரித்தே எழுதுவது மேல் என்பது என் எண்ணம்.