ராஜா தலை போட்ட அரபு வெள்ளிக்காசு: கைக்கு வந்து நழுவிய கதை

மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமை மாலையானால் மத்ரா சூக் என்ற பழைய சந்தையில்தான் இருப்பேன். பழைய வெள்ளிக் கடைகளில் பெரும்பாலும் ஆஸ்திரிய ராணி மரியா தெரசா தலை போட்ட காசுகள்தான் கிடக்கும். ஒரு நாள், பழக்கமான ஒரு பெரியவர் டப்பாவிலிருந்து அகலமான, மெல்லிய காசு ஒன்றை எடுத்து வைத்தார். "இஸ்லாமியக் காசு, ஹிஜ்ரி முதல் நூற்றாண்டு" என்றார். நம் கணக்கில் கி.பி. ஏழாம் நூற்றாண்டு வாக்கில். பார்த்தால் ஒரு பக்கம் கிரீடத்தோடு ராஜா தலை. மறுபக்கம் நெருப்பு மேடை, இருபுறமும் ஆள் நிற்கிறது. நம்மிடமே கதை விடுகிறாரே என்று சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மனிதர் சொன்னது சரி. கி.பி. 651-ல் ராஜா மூன்றாம் யஸ்தகிர்து கொல்லப்பட்டு பாரசீகத்தில் சாசானியர் ஆட்சி முடிந்தது. வந்த அரபு ஆளுநர்கள் பழைய நாணயச்சாலைகளை மூடவில்லை. ஜனங்கள் கைக்குப் பழகியது முந்தைய சாசானிய ராஜா இரண்டாம் குஸ்ரோவின் காசு. அதை மாற்றினால் சந்தையில் யார் வாங்குவார்கள்? எனவே ராஜா இருந்தார், நெருப்பும் இருந்தது, பாரசீகர்களின் பஹ்லவி எழுத்தும் இருந்தது. வட்டத்துக்கு வெளியே ஓரத்தில் மட்டும் அரபியில் பொடியாக 'பிஸ்மில்லாஹ்', அதாவது 'இறைவன் பெயரால்'. அப்புறம் ஸியாத், உபைதுல்லாஹ் போன்ற ஆளுநர்களின் பெயர் குஸ்ரோ பெயர் இருந்த இடத்திலேயே ஏறியது, அதுவும் பஹ்லவி எழுத்தில்! எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். ஆட்சி மாறிவிட்டது, அச்சு வெட்டுகிறவர் மாறவில்லை.

அந்த ஓரத்தைத்தான் நான் பார்க்காமல் விட்டேன்.

* * *

அண்ணே, நீங்கள் எழுத்தைப் பார்க்காமல் விட்டீர்கள், நான் பார்த்தும் ஏமாந்தேன். என்னிடம் இருப்பது உமையா வம்சக் கலீஃபா அப்துல் மலிக் காசை மாற்றிய பிறகு வந்த வகை. ஹிஜ்ரி 77-ல் தங்க தினார் மாறியது, ஓரிரு ஆண்டில் வெள்ளி திர்ஹமும். படமே கிடையாது, இரண்டு பக்கமும் எழுத்துதான். கலீஃபா பெயர்கூட இல்லை. ஆனால் அடித்த ஊரும் ஆண்டும் உண்டு. எடை 2.9 கிராம் சுற்றி இருக்கும். பழைய சாசானியக் காசு 4 கிராம் வரும்.

ஆண்டை எண்ணில் போடாமல் சொல்லில் எழுதுவார்கள். அந்தக் கால அரபியில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை, நம் கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி இல்லாத மாதிரி. புள்ளி இல்லாவிட்டால் ஏழும் ஒன்பதும் ஒரே மாதிரி தெரியும். எழுபது, தொண்ணூறும் அப்படியே. 79-ஆ, 97-ஆ? விற்றவர் 79 என்றார். தொடக்க ஆண்டுக் காசு என்று குதித்து, கேட்ட விலையைக் கொடுத்தேன்.

ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. வாஸித். ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் அந்த ஊரைக் கட்டத் தொடங்கியதே ஹிஜ்ரி 83 வாக்கில்தான்! 79-ல் இல்லாத ஊரில் காசு எப்படி அடிப்பார்கள்? உமையா திர்ஹம்களில் மலிவாகக் கிடைப்பதும் வாஸித் காசுதான்.

* * *

தம்பி, உன் காசாவது உன் கையில் இருக்கிறது. போன வருஷம் மறுபடி மஸ்கட் போனேன். கடையில் பெரியவரின் மகன் இருந்தார். அந்த டப்பாவை எடுக்கச் சொன்னேன். கவிழ்த்துக் கொட்டினார். அத்தனையும் மரியா தெரசா.