பீமரத சாந்திக்கு மணையில் யார்?

கீழத்தெரு குடும்பம்

சிதம்பரம் அத்தை: வருகிற பூசத்தன்று அண்ணனுக்கு 70 முடிகிறது. திருக்கடையூரில் பீமரத சாந்திக்குக் குருக்களிடம் பேசிவிட்டேன். இன்றே முன்பணம் கட்ட வேண்டும். மணையில் உட்காரும் தம்பதியின் பெயர், நட்சத்திரம் கேட்கிறார்.

சின்ன மாமா: தம்பதியா?

ராஜி: 60க்கும் இந்தக் கேள்வியில்தான் எல்லாம் நின்றுபோனது.

பெரியப்பா: மாடியில் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். தொட்டி வழிகிறது.

பெரியம்மா: நிறுத்தியாகிவிட்டது என்று சொல்லுங்கள்.

சிதம்பரம் அத்தை: அண்ணி, ஒரு நாள்தானே. கலச நீர் ஊற்றும்போது மட்டும் அண்ணன் பக்கத்தில் உட்காருங்கள்.

பெரியம்மா: பன்னிரண்டு வருடமாக அவர் கீழே, நான் மேலே. மதியச் சாப்பாடு டீச்சர் வீட்டில். இரவு இட்லியை நான் கூடையில் இறக்குகிறேன். மூவருக்கும் இது சரியாகத்தான் இருக்கிறது. டீச்சரையே மணையில் உட்கார வையுங்கள்.

சித்தப்பா: 😳

மூத்தவன் (டொராண்டோ): அம்மா, இங்கே இரவு இரண்டு மணி. தயவுசெய்து.

கோர்ட் மாமா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். இந்திய தண்டனைச் சட்டம் 497ஐ உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்துவிட்டது. அது பிறர் மனைவியோடு உறவு கொள்ளும் ஆணைத் தண்டித்த பிரிவு. டீச்சர் கணவரை இழந்தவர் என்பதால் அந்தச் சட்டம் இருந்தபோதும் இவர்களைத் தொட்டிருக்காது. ஆனால் மணையில் தாலி கட்டுவது வேறு விஷயம். மனைவி உயிரோடு இருக்கும்போது செய்யும் இரண்டாம் திருமணம் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. அதைத் தண்டிக்கும் பழைய 494ஆம் பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 82. ஏழு ஆண்டுகள் வரை சிறை.

சின்ன மாமா: 70 வயதில் ஏழு ஆண்டா?

பெரியம்மா: புகார் கொடுக்க வேண்டியவள் நான்தானே. கொடுக்க மாட்டேன்.

சித்தப்பா: வேனுக்கு எத்தனை பேர்? பதினெட்டு இருக்கைதான்.

திருவாரூர் சித்தி: போன கல்யாணத்துக்கு எடுத்துப்போன அண்டா யார் வீட்டில் இருக்கிறது?

சிதம்பரம் அத்தை: அண்டாவை விடு. யமனை உதைத்த சந்நிதியில் ஆயுள் கேட்கப் போகிறோம். மனைவி இல்லாமல் என்ன சாந்தி?

*சின்ன மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

ராஜி: மாமா, நான் படித்துவிட்டேன்.

பெரியம்மா: ஆயுள் கேளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கே அவர் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? என்னை நடுக்கூடத்தில் உட்கார வைத்து அழுவீர்கள். ஒன்பது வருடம் சோறு போட்டவள் தெருவில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பாள். அவளைக் கட்டிக்கொண்டு அழ யார் போவீர்கள்? ஒருவர் பெயர் சொல்லுங்கள்.

ராஜி: நான் போவேன், பெரியம்மா.

திருவாரூர் சித்தி: ...

மூத்தவன் (டொராண்டோ): இதையெல்லாம் இந்தக் குழுவில் பேச வேண்டுமா?

பெரியம்மா: வேறு எங்கே பேசுவது? உன் அப்பாவும் நானும் பேசிக்கொள்ளும் ஒரே இடம் இதுதான்.

பெரியப்பா: டீச்சர் வந்தால்தான் நான் வருவேன். மாடியில் இருப்பவர்கள் வராவிட்டாலும் நான் வரமாட்டேன். சொல்லிவிடுங்கள்.

சிதம்பரம் அத்தை: அண்ணா, குருக்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

கோர்ட் மாமா: தாலி கட்டும் பகுதியை விட்டுவிட்டு ஹோமமும் அபிஷேகமும் மட்டும் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சிதம்பரம் அத்தை: கேட்கிறேன். முன்பணம் கட்டட்டுமா, வேண்டாமா?

சித்தப்பா: பாதி கட்டுங்கள்.

பெரியம்மா: வேனில் டீச்சருக்கு ஜன்னல் ஓரம் கொடுங்கள். அவளுக்குப் பயணத்தில் குமட்டும். பக்கத்தில் நான் உட்காருகிறேன், எலுமிச்சம்பழம் கொண்டுவருகிறேன்.

பெரியப்பா: நான் எங்கே உட்காருவது என்று கேளுங்கள்.

சித்தப்பா: ஓட்டுநர் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது, அண்ணா.